பதினான்கு நூல்களும் இழுப்பறையில் கிடந்த ஒரு வன்தட்டும்

தென் பேராக்கில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் ஆலையின் பெயரையும் நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய தந்தையார் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். வாசகி தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். முடித்து, பொலிடெக்னிக்கில் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா பெற்றவர். இப்போது ஒரு செம்பனை ஆலையின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். லோரிகள் கொண்டுவரும் குலைகளின் எடைச்சீட்டுகளைச் சிறுதோட்டக்காரர்களுக்கான பட்டுவாடாவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. அலுவலகத்தில் கணினி தெரிந்தவர் வேறு எவரும் இல்லாததால், யாரும் நியமிக்காமலேயே ஆலையின் கணினி ஆளாகவும் ஆகிவிட்டார்.

கடந்த தீபாவளி விடுமுறையின்போது எடைமேடைக் கணினியை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் என்ற தீநிரல் பூட்டிவிட்டது. பராமரிப்பு நிறுவனத்திலிருந்து வந்தவர் 2 மணி நேரத்தில் புதிய வன்தட்டைப் பொருத்தி, மென்பொருளை மீண்டும் ஏற்றி, பழைய தட்டை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். 3 நாள் எடைச்சீட்டுகள் தொலைந்தன. "அதிகாலை 2.20க்கு யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள்" என்று அவர் மேலாளரிடம் சொன்ன ஒரு வாக்கியத்தால் இரவு முறையில் இருந்த எடைமேடை ஊழியர்மேல் எல்லோர் கண்ணும் விழுந்தது. நேரடியாக யாரும் குற்றம் சாட்டவில்லையாயினும், அடுத்த மாதமே அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அது வாசகியின் மனத்தை அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் கணினித் தடயவியலும் பாதுகாப்புச் சம்பவங்களை எதிர்கொள்ளும் முறையும் கற்க வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்.

கோலாலம்பூரில் உள்ள ஒரு புத்தக விற்பனையாளர் 14 நூல்கள் கொண்ட பட்டியல் ஒன்றை 2,350 வெள்ளிக்குத் தருவதாகவும், தள்ளுபடி வெள்ளிக்கிழமையோடு முடிவதாகவும் சொல்லியிருக்கிறார். வாசகியிடம் இருக்கும் சேமிப்பு 1,800 வெள்ளி. இந்த நூல்கள் எல்லாம் தேவையா, முதலில் ஊடுருவல் (ஹேக்கிங்) கலையைக் கற்க வேண்டுமா, சான்றிதழ் இல்லாமல் இத்துறையில் நுழைய முடியுமா, ஆங்கிலம் சுமாராகத்தான் வரும் என்றால் இவ்வளவு தடித்த நூல்களைப் படித்து முடிக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் கேட்டிருப்பது நூல்களைப் பற்றி. ஆனால் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைத் தாண்டி என்னால் நூல்களுக்குப் போக முடியவில்லை. "எப்படியும் எறியப்போகிற தட்டுதானே என்று எண்ணி, அந்தப் பழைய வன்தட்டைப் பயிற்சிக்காக வீட்டுக்கு எடுத்துவந்து என் மடிக்கணினியில் பொருத்திப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துக்கொள்வோம்.

முதலில் அந்த வன்தட்டு

இழுப்பறையில் கிடந்ததால் ஒரு பொருள் உரிமையற்றதாகிவிடாது. அந்தத் தட்டு ஆலையின் சொத்து. அதில் சிறுதோட்டக்காரர்களின் அடையாள அட்டை எண்களும் வங்கிக் கணக்கு எண்களும் லோரி ஓட்டுநர்களின் விவரங்களும் இருக்கக்கூடும் என்பதை எடைச்சீட்டுகளோடு பழகும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அனுமதியின்றிக் கணினியிலுள்ள தரவை அணுகுவது 1997ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி 50,000 வெள்ளி வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். கழற்றிப் போட்ட ஒரு தட்டை நல்லெண்ணத்தோடு திறந்து பார்த்தது அந்தப் பிரிவுக்குள் வருமா என்பதை ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நான் வழக்கறிஞன் அல்லன். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. "எறியப்போகிற தட்டு" என்ற நினைப்பு உங்களுக்கு எந்தக் காப்பையும் தராது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தொழில்நுட்பப் பக்கத்திலும் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. "கோப்புகளைத் திறந்து பார்த்தேனே தவிர எதையும் மாற்றவில்லை" என்கிறீர்கள். நீங்கள் மாற்றாவிட்டாலும் உங்கள் மடிக்கணினி மாற்றியிருக்கும். வழக்கமான முறையில் ஒரு தட்டைப் பொருத்தியவுடனேயே விண்டோஸ் அதில் தனக்கு வேண்டிய சில பதிவுகளை எழுதிக்கொள்கிறது. அதைவிட மோசமான ஒன்றும் உண்டு. உங்கள் மடிக்கணினியிலுள்ள வைரஸ் தடுப்பு நிரல், நாம் எதைத் தேடுகிறோமோ அந்தத் தீநிரலைக் கண்டவுடன் தன் கடமையைச் செய்வதாக நினைத்து அதை அப்புறப்படுத்தியிருக்கலாம். சாட்சியை வீட்டு வாசலிலேயே காவலாளி அடித்து விரட்டியது போன்ற நிலை அது. எழுதவிடாமல் தடுக்கும் ரைட் பிளாக்கர் என்ற கருவியின் வழியாகவே தட்டைப் பொருத்த வேண்டும், அதன் ஒவ்வொரு பிட்டையும் நகலெடுத்து, மூலத்துக்கும் நகலுக்கும் ஒரே ஹேஷ் எண் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண்) வருகிறதா என்று சரிபார்த்து, அதன் பிறகு நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும் என்று இத்துறை வற்புறுத்துவது இதனால்தான்.

ஆகவே இனி அந்தத் தட்டை எந்தக் கணினியிலும் பொருத்தாதீர்கள். அது எஸ்.எஸ்.டி. வகையாக இருந்தால் மின்சாரம் கொடுப்பதே ஆபத்து, ஏனெனில் அழிக்கப்பட்ட பகுதிகளை அவ்வகைத் தட்டுகள் தாமாகவே துடைத்துக்கொள்ளும். நீங்கள் தட்டை எடுத்த நாள், பொருத்திய நாட்கள், திறந்த கோப்புகள், மடிக்கணினியில் இருந்த வைரஸ் தடுப்பு நிரல் ஆகியவற்றை நினைவிலிருக்கும்வரை ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிடுங்கள். வைரஸ் தடுப்பு நிரல் ஏதாவது அகற்றியிருந்தால் அதன் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும், அதையும் படமெடுத்து வையுங்கள். பிறகு மேலாளரிடம் நேரில் பேசி, எழுத்துபூர்வமாகத் தட்டை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாமல் இழுப்பறையில் திரும்ப வைத்துவிடலாம் என்ற யோசனை உங்களுக்கு வந்திருக்கும், யாருக்கும் வரும். அதைச் செய்யாதீர்கள். நேர்மையாகச் சொல்லப்பட்ட தவறோடு அந்தத் தட்டு இன்னும் பயன்படக்கூடும். மறைத்த தவறு பின்னால் வெளிப்பட்டால் தட்டும் போகும், உங்கள் பெயரும் போகும்.

மேலாளர் கோபித்துக்கொள்ளலாம். காரணம் கேட்டுக் கடிதமும் கொடுக்கலாம். ஆனால் நடத்தைக் குறைவு என்று ஒருவரை வேலையிலிருந்து நீக்க வேண்டுமானால் முறையான விசாரணை நடத்திய பின்னரே நீக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. நீங்களாகவே முன்வந்து சொன்னது அப்படி ஒரு விசாரணையில் உங்கள் பக்கம் நிற்கும். பேசும்போது இன்னொன்றையும் மேலாளரின் காதில் போட்டுவையுங்கள். தனிநபர் தரவுக் கசிவால் பெரும் பாதிப்பு நேரக்கூடுமானால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அறிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நிறுவனங்களுக்கு வந்துவிட்டது. அது ஆலையின் கடமையே தவிர உங்களுடையதன்று. அறிவிக்க வேண்டிய சம்பவமா என்பதை அவர்களுடைய வழக்கறிஞர் முடிவு செய்யட்டும்.

அந்த 2.20 மணி

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இந்த நேரம்தான். அந்தப் பராமரிப்பு ஆள் எந்தக் கருவியில் பார்த்து "2.20" என்று சொன்னார்? விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகள் உள்ளே உலகப் பொது நேரத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. விண்டோஸின் சொந்தத் திரையில் திறந்தால் அந்தக் கணினியின் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக் காட்டும். வேறு பல ஆய்வுக் கருவிகளோ பொது நேரத்தை அப்படியே காட்டும். நம் நாடு அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர் பார்த்த 2.20 பொது நேரமானால், ஆலையில் அப்போது காலை 10.20. அந்த வேளையில் இரவு முறைக்காரர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அவர் பார்த்தது உள்ளூர் நேரமாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. உங்கள் ஆலையில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதுதான் விஷயம். விரலிகளில் (பென் டிரைவ்) பொதுவாகக் காணும் ஃபேட் என்ற கோப்பு முறை மட்டும் உள்ளூர் நேரத்தையே எழுதிவைக்கும். ஒரே வழக்கில் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் தடுமாறுவது எளிது. நானே தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அறிக்கையில் இந்த 8 மணி நேரத்தைத் தவறவிட்டு, மேலதிகாரி கண்டுபிடித்ததால் தலை தப்பினேன்.

அடுத்து, "அந்தத் தட்டை ஆராய்ந்தால் யார் செய்தார் என்று தெரிந்துவிடும்" என்று நம்புகிறீர்கள். எந்தக் கணக்கின் பெயரில், எந்த வழியாக, எந்த முகவரியிலிருந்து ஒருவர் நுழைந்தார் என்பதைத்தான் தட்டு சொல்லும். விசைப்பலகையில் இருந்த கை யாருடையது என்று அது சொல்வதில்லை. எடுத்துக்காட்டாக, விண்டோஸ் பாதுகாப்புப் பதிவில் 4625 என்ற எண் தோல்வியுற்ற நுழைவையும் 4624 வெற்றி பெற்ற நுழைவையும் குறிக்கும். 4624இல் நுழைவு வகை 10 என்று இருந்தால் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருக்கிறார்கள் என்று பொருள். கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து ஆயிரக்கணக்கான 4625கள் விழுந்து, கடைசியில் ஒரு 4624 வந்திருந்தால், வெளியிலிருந்து கதவை உடைத்திருக்கிறார்கள் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் அந்தப் பதிவேட்டின் இயல்பான அளவு 20 எம்.பி. மட்டுமே. நிரம்பினால் பழைய வரிகள் தாமாக அழிந்துவிடும், அதாவது தாக்குதலின் இரைச்சலே தாக்குதலின் தொடக்கத்தை அழித்துவிடும். இவையெல்லாம் ஆராய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் சொன்ன ஒரு வாக்கியம் ஒரு மனிதரின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஆகவே மேலாளரிடம் பேசும்போது இந்த 8 மணி நேரக் கேள்வியையும் எழுத்தில் கொடுங்கள். தட்டைத் தகுதியானவர் ஒருவரிடம் கொடுத்து ஆராயச் சொல்லும்படியும், சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 உதவிச் சேவையில் சம்பவத்தைப் பதிவு செய்யும்படியும் கேளுங்கள். நீங்களே ஆராய்ந்து அந்த ஊழியரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நண்பருக்காக ஆராய்ந்தவரின் முடிவை யாரும் நடுநிலையானதாக ஏற்க மாட்டார்கள்.

நூலின் எந்தப் பகுதிக்கு வயதாகிறது

இனி அந்தப் பட்டியலுக்கு வருவோம். விற்பனையாளர் நூல்களைப் பெயரின் கவர்ச்சியை வைத்து அடுக்கியிருக்கிறார். நீங்கள் அவற்றின் ஆயுளை வைத்துப் பாருங்கள். இத்துறையில் ஒரு நூல் முழுவதும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. வட்டில் தரவு எப்படி அமர்ந்திருக்கிறது என்று சொல்லும் அத்தியாயங்கள் 20 ஆண்டு கடந்தும் நிற்கின்றன. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் அத்தியாயங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் உதிர்ந்துவிடுகின்றன. கைக்காசு போட்டு வாங்குவதாக இருந்தால் முதல் வகையை வாங்குங்கள். இரண்டாம் வகைக்குக் கருவிகளை உருவாக்கியவர்களே இலவசமாக வெளியிடும் கையேடுகள் போதும்.

அந்த அளவுகோலால் அளந்தால் 14இல் பெரும்பகுதி தானாகவே விலகிவிடும். நான்கு நூல்கள் தேர்வு வழிகாட்டிகள். அவை தேர்வு எழுதுபவருக்குத் தேர்வுக்கு முந்தைய மாதம் உதவுவன, கற்றுக்கொடுப்பவை அல்ல. இரண்டு கைப்பேசித் தடயவியல் நூல்கள். ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் மாறும் வேகத்தில் இவைதாம் முதலில் காலாவதியாகும், உங்கள் வேலைக்கும் இப்போது தேவையில்லை. 2012இல் வந்த 'பிராக்டிகல் மால்வேர் அனாலிசிஸ்' அருமையான நூல்தான், ஆனால் அது தீநிரலை அக்கக்காகப் பிரித்துப் பார்க்கும் கலை. அதன் பயிற்சிகள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. கூட்டல் கழித்தல் படிக்கும்போது நுண்கணிதம் எதற்கு? 'தி ஆர்ட் ஆஃப் மெமரி ஃபாரன்சிக்ஸ்' 2014இல் வந்தது, 900 பக்கங்களுக்கு மேல். ரேம் நினைவகத்தை ஆராய்வதற்கு இதைவிட ஆழமான நூலை நான் படித்ததில்லை. ஆயினும் அதிலுள்ள கட்டளைகள் வொலட்டிலிட்டி கருவியின் இரண்டாம் பதிப்புக்கானவை, இன்று புழங்குவது மூன்றாம் பதிப்பு. இரண்டாம் ஆண்டில் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்று நூல்கள் ஊடுருவலைப் பற்றியவை. "முதலில் திருடக் கற்றால்தான் திருடனைப் பிடிக்க முடியும் என்று ஒன்றுவிட்ட அண்ணன் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணன் சொல்வதில் பாதி உண்மை. தாக்குதல் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதன் தடயத்தைத் தேட முடியாது. ஆனால் பூட்டு உடைக்கத் தெரிந்த எல்லோருக்கும் கைரேகை எடுக்கத் தெரிந்துவிடுவதில்லை. உங்கள் மடிக்கணினியில், கணினிக்குள் கணினியாக ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை நிறுவி, அதில் நீங்களே தவறான கடவுச்சொல்லை 50 முறை தட்டி, பிறகு பதிவேட்டைத் திறந்து 4625களை எண்ணிப் பாருங்கள். அந்த மூன்று நூல்கள் தருவதைவிட அந்த ஒரு மாலைப் பொழுது அதிகம் தரும். உங்கள் சொந்தக் கணினிக்கு வெளியே மட்டும் இதைச் செய்யாதீர்கள், ஆலையின் கணினியிலும் கூடாது.

எஞ்சுபவை மூன்று. முதலாவது பிரையன் கேரியர் 2005இல் எழுதிய 'ஃபைல் சிஸ்டம் ஃபாரன்சிக் அனாலிசிஸ்'. ஏறத்தாழ 600 பக்கம். இதை வாங்குங்கள். ஒரு கோப்பை அழித்தால் உண்மையில் என்ன அழிகிறது, விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறையின் முதன்மை அட்டவணையில் ஒரு கோப்புக்கு ஏன் இரண்டு தொகுதி நேர முத்திரைகள் இருக்கின்றன என்பவற்றை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் நூல் அரிது. இதை எழுதியவர்தான் இலவச ஆய்வுக் கருவியான ஆட்டாப்சியையும் தொடங்கியவர், ஆகவே நூலில் படிப்பதைத் திரையில் அப்படியே பார்க்கலாம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. வட்டுப் பிரிவுகள், ஃபேட், என்.டி.எஃப்.எஸ். பற்றிய அத்தியாயங்கள் போதும். எக்ஸ்ஃபேட், எஸ்.எஸ்.டி. போன்றவற்றுக்கு இந்நூலில் விடை தேடாதீர்கள். அவை இதற்குப் பின் வந்தவை அல்லது பரவியவை.

இரண்டாவது, 'இன்சிடென்ட் ரெஸ்பான்ஸ் அண்ட் கம்ப்யூட்டர் ஃபாரன்சிக்ஸ்'. உங்கள் பட்டியலில் இருப்பது 2003ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு. அதை வாங்காதீர்கள். லட்ஜென்ஸ், பெப்பே, மாண்டியா ஆகிய மூவர் பெயரில் 2014இல் வந்த மூன்றாம் பதிப்பைக் கேளுங்கள். அது ஏறக்குறையப் புதிதாக எழுதப்பட்ட நூல். ஒரு சம்பவம் நடந்தவுடன் யாரிடம் என்ன கேட்பது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து எதை முதலில் எடுப்பது, அறிக்கையை எப்படி எழுதுவது என்பவை அதன் பலம். மேகக் கணிமைக்கு அது போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய நூல்களை நான் இங்கே ஒதுக்கச் சொல்வதற்குக் குறிப்பான காரணம் உண்டு. தாக்கப்பட்ட கணினியின் மின்கம்பியை உடனே பிடுங்கிவிடு என்பது ஒரு காலத்தில் பொன்விதியாக இருந்தது. இன்று பல கணினிகளில் வன்தட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் சாவியும் தாக்கியவரின் நடமாட்டமும் ரேம் நினைவகத்தில் இருக்கக்கூடும். கம்பியைப் பிடுங்கினால் இரண்டும் அந்தக் கணமே போய்விடும். வலையிணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்சாரத்தை விட்டுவைத்து, உதவி கேட்பதே பல நேரங்களில் சரி. ரேன்சம்வேர் கண்முன்னே கோப்புகளைப் பூட்டிக்கொண்டே போகிறது என்றால் கதை வேறு. அப்போது மேலும் இழக்காமல் தடுப்பதே முந்தும்.

மூன்றாவது, புரூஸ் நிக்கெல் 2016இல் எழுதிய 'பிராக்டிகல் ஃபாரன்சிக் இமேஜிங்'. வன்தட்டை எப்படிக் கெடுக்காமல் நகலெடுப்பது என்பதற்கு மட்டுமே ஒரு முழு நூல். லினக்ஸ் கட்டளைகளோடு பழகிய பிறகு வாங்குங்கள், அதுவரை காத்திருக்கலாம்.

காசு கொடுக்காமல் கிடைப்பவை

வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியவை இலவசமாகவே இருக்கின்றன. அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகமான நிஸ்ட் 2006இல் வெளியிட்ட 800-86 என்ற வழிகாட்டி நூற்றுச் சொச்சம் பக்கங்களில் தடயவியலின் முழு வரைபடத்தையும் தருகிறது. சம்பவங்களை எதிர்கொள்வதற்கான 800-61 வழிகாட்டியின் மூன்றாம் திருத்தம் 2025 ஏப்ரலில் வந்துவிட்டது. அது நிறுவனத் தலைமைக்குப் பயன்படும் வகையில் சுருக்கி எழுதப்பட்டது. அடிப்படை கற்பவர் 2012இல் வந்த இரண்டாம் திருத்தத்தையே முதலில் படிக்கலாம் என்பது என் கருத்து. முன்னேற்பாடு, கண்டறிதல், கட்டுப்படுத்தி மீட்டல், பின்னாய்வு என்று அது பிரித்துச் சொல்லும் நான்கு கட்டங்களில் உங்கள் ஆலை மூன்றாவதன் பாதியை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவிக்கொண்டது உங்களுக்கே தெரியவரும்.

பயிற்சிக்கு ஆலையின் தட்டு வேண்டியதில்லை. அதே நிஸ்ட் கழகம் கற்பனை வழக்கு ஒன்றின் மடிக்கணினி இமேஜை, அதாவது அதன் வன்தட்டின் முழு நகலை, முப்பது சொச்சம் கேள்விகளோடு எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறது. யார் தரவையும் தொடாமல், யார் அனுமதியும் கேட்காமல் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் ஆராயலாம், தவறு செய்யலாம். அண்ணன் விரலியில் போட்டுக் கொடுத்திருக்கும் திருட்டு மின்னூல்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பதிப்புரிமை ஒருபுறம் இருக்கட்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கோப்புகளைத் திறப்பதுதான் பல நிறுவனங்கள் தாக்கப்பட்ட முதல் படி. இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர் அப்படித் தொடங்குவது அழகாயில்லை.

பட்டியலில் இல்லாத ஒரு நூலையும் சொல்கிறேன். கிளிஃபர்ட் ஸ்டோல் 1989இல் வெளியிட்ட 'தி குக்கூஸ் எக்'. வானியலாளராக இருந்து கணினிப் பராமரிப்புக்கு வந்த அவர், 1986இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 காசு உதைக்கிறது என்று சரிபார்க்கப் போய், மேற்கு ஜெர்மனியிலிருந்து நுழைந்த ஒருவரைக் கண்டுபிடித்த உண்மைக் கதை. தொழில்நுட்பம் முழுவதும் பழசு. ஆனால் ஒவ்வொரு நாளும் என்ன பார்த்தேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்று அவர் விடாமல் குறிப்பேட்டில் எழுதிவந்த ஒழுங்கு பழசாகவில்லை. எடைச்சீட்டுக்கும் பட்டுவாடாவுக்கும் இடையே 10 கிலோ குறைந்தாலும் விடாமல் தேடுகிறவர் என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குணத்தைக் கடையில் வாங்க முடியாது. ஊடுருவல் தெரிந்த பல இளைஞர்களிடம் நான் தேடிக் காணாதது அதுதான்.

மொழி, சான்றிதழ், உரிமம்

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் நியாயமானதே, ஆனால் அளவுக்கு மிஞ்சியது. இந்த நூல்களின் ஆங்கிலம் கதைகளின் ஆங்கிலம் அன்று. வாக்கியங்கள் குட்டையானவை, சில நூறு கலைச்சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு சொல்லையும் அது செய்யும் வேலையோடு தமிழிலோ மலாயிலோ உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 5 பக்கம் போதும், ஆனால் படித்ததை அன்றே ஆட்டாப்சியில் செய்து பார்த்துவிட வேண்டும். வாரம் ஒருமுறை நீங்கள் செய்ததை மலாயில் ஒரு பக்க அறிக்கையாக எழுதிப் பழகுங்கள். இந்நாட்டில் உங்கள் அறிக்கையைப் படிக்கப்போகிறவர்கள் மேலாளரும் காவல் துறையினரும் ஒருவேளை நீதிமன்றமும். கணினியில் உருவான ஆவணம் நீதிமன்றத்தில் எப்படி ஏற்கப்படும் என்பதை 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு சொல்கிறது. ஒன்றிரண்டு பக்கம்தான், இப்போதே படித்துவையுங்கள்.

சான்றிதழைப் பொறுத்தவரை, வெளிநாட்டுப் பயிற்சியோடு வரும் பெயர்பெற்ற சான்றிதழ்களுக்குப் பல ஆயிரம் அமெரிக்க டாலர் ஆகும். கடன் வாங்கிப் படிக்காதீர்கள். அவை மதிப்பற்றவை என்று சொல்லவில்லை. நேர்முகத்துக்கு அழைப்பு வர அவை உதவுகின்றன. ஆனால் பெரும்பாலோர் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு முதலாளி செலவிலேயே அவற்றை எழுதுகிறார்கள். அதுவரை, அந்த இலவச இமேஜை ஆராய்ந்து நீங்கள் எழுதிய மூன்று நல்ல அறிக்கைகளை விண்ணப்பத்தோடு இணையுங்கள். அவற்றைக் காட்டி இளநிலைக் கண்காணிப்பு வேலைக்கு முயல்வது நடக்கக்கூடியதே.

உரிமம் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பாதுகாப்புக் கண்காணிப்பு மையச் சேவையையும் ஊடுருவல் சோதனைச் சேவையையும் வெளியாருக்கு வழங்குவோர் உரிமம் பெற வேண்டும். படிப்பதற்கோ, ஊழியராக உங்கள் முதலாளியின் கணினிகளைப் பார்த்துக்கொள்வதற்கோ அது தேவைப்படாது. பக்கத்து ஆலைகளுக்கும் கடைகளுக்கும் பகுதிநேரமாகச் செய்து கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் கவனம் வேண்டும். சம்பவத்திலிருந்து மீள என்ன செய்ய வேண்டும் என்று வழிகாட்டுவதும் கண்காணிப்புச் சேவையின் வரையறைக்குள் வரக்கூடும் என்பதால், காசு வாங்குவதற்கு முன் தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனமான நாக்சாவிடம் கேட்டுவிடுங்கள்.

அதே சட்டம் உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் செய்திருக்கிறது. நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்புக்கான 11 துறைகளில் வேளாண்மையும் தோட்டத் துறையும் ஒன்று. எல்லா ஆலைகளும் அதில் சேர்ந்துவிடவில்லை, முறைப்படி அறிவிக்கப்பட்ட நிறுவனங்களுக்கே கடமைகள் உண்டு. ஆனால் அப்படி அறிவிக்கப்பட்டவை ஒரு சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் முதல் விவரங்களையும் 14 நாட்களுக்குள் கூடுதல் விவரங்களையும் தர வேண்டும். எடைமேடையும் குலைச்சீட்டும் எப்படி ஓடுகின்றன என்று அறிந்து, பதிவேட்டையும் படிக்கத் தெரிந்த ஆள் அவர்களுக்கு எங்கே கிடைப்பார்? இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகள் எல்லோரும் கோலாலம்பூர் வங்கிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் தோட்ட நிறுவனங்களின் தலைமை அலுவலகங்களையும் ஒரு கண் பார்த்து வையுங்கள்.

பணக் கணக்கு இப்படி வரும். 1,800 வெள்ளியில் நூல்கள் இரண்டே. மீதியில் மடிக்கணினியின் ரேமை 16 ஜி.பி.க்கு உயர்த்தி, இமேஜ்களை வைக்க ஒரு வெளி வன்தட்டு வாங்குங்கள். அதற்கு மேல் எஞ்சுவதைத் தொடாதீர்கள். விற்பனையாளர் தவணையில் தருகிறேன் என்பார், வேண்டாம். கேரியரின் 2005 நூலும் மூவரின் 2014 மூன்றாம் பதிப்பும் மட்டும் வேண்டும் என்று புலனத்தில் அனுப்புங்கள். பழைய பிரதியாக இருந்தாலும் சரி, பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று படம் கேளுங்கள். 2003 பதிப்பை "இதுவும் அதேதான்" என்று நீட்டினால் பணத்தைத் திருப்பிக் கேட்கத் தயங்காதீர்கள்.